பர்மாவின் திபிடகமும் ஜப்பானின் தாமரைச் சூத்திரமும்

இரண்டும் பௌத்த மறைநூல்கள்தாம். ஆனால் பர்மாவின் தேரவாதிகள் (பழைய மரபைப் பின்பற்றும் பௌத்தர்கள்) பாலி மொழி மறைநூல் தொகுப்பான திபிடகத்தை அணுகும் முறை வேறு, ஜப்பானின் நிச்சிரன் பிரிவினர் தாமரைச் சூத்திரத்தை அணுகும் முறை வேறு.

பர்மாவில் ஒரு சொல்லும் பிறழாமல் காப்பதே முதல் அக்கறை. விநயம் (துறவியர் ஒழுங்கு விதிகள்), சுத்தம் (புத்தரின் உரைகள்), அபிதம்மம் (தத்துவ ஆய்வு) என்ற மூன்று பிடகங்களையும், அதாவது தொகுப்புகளையும், மின்டோன் மன்னர் மாண்டலேயின் குத்தோடா பகோடாவில் 729 பளிங்குப் பலகைகளில் பொறிக்கச் செய்தார். 1868இல் பணி முடிந்தது. ஒவ்வொரு பலகைக்கும் தனிச் சிறுகோயில்! ரங்கூனில் 1954 முதல் 1956 வரை நடந்த ஆறாவது சங்காயனத்தில் (மறைநூலைச் சரிபார்க்கும் பிக்குகளின் பேரவையில்), திபிடகம் முழுவதையும் மனனம் செய்திருந்த மிங்குன் சயடோ என்ற மூத்த பிக்கு கேள்விகளுக்கு விடை சொன்னார். நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. இல்லறத்தாரில் பலருக்கோ பிக்குகள் பரித்தம் என்னும் காப்புப் பாடங்களை ஓதக் கேட்பதுதான் நூலுடனான உறவு.

13ஆம் நூற்றாண்டில் ஜப்பானியத் துறவி நிச்சிரன் வேறு வழி கண்டார். குமாரஜீவர் என்ற பௌத்த அறிஞர் சீனத்தில் மொழிபெயர்த்த தாமரைச் சூத்திரமே இக்காலத்துக்கு உரியது என்றார். 28 அத்தியாயங்களையும் கற்க இயலாதவர், "நம் ம்யோஹோ ரெங்கே க்யோ" என்று அதன் பெயரை ஓதினால் போதும்.

எளியவரின் நாவிலேயே மறையை வைத்த நிச்சிரன் வழி என்னைக் கவர்கிறது. ஆயினும் பிக்குகளின் சங்கத்தின் அன்றாட ஒழுங்கை விநயத்தின் நுணுக்கமான விதிகளே தாங்குகின்றன. புத்தரின் போதனையை முதன்முதலாகப் படிக்க விரும்புவோருக்குப் பாலி சுத்தங்களையே பரிந்துரைப்பேன்.