தீட்டாத அரிசியா, வெள்ளைப் புழுங்கலா?

சர்க்கரை, எடை என்று எந்தப் பேச்சு வந்தாலும் "முதலில் அரிசியை மாற்று" என்கிறார்கள். நாங்களும் மாற்றினோம். இப்போது மதியச் சோற்றுக்குத் தீட்டாத மாப்பிள்ளைச் சம்பா என்ற சிவப்பரிசி, இட்லிக்கு மட்டும் பழையபடி புழுங்கல். என் சாய்வு தீட்டாத அரிசிப் பக்கம்தான்.

சத்துக் கணக்கு தெரிந்த கதை. தவிடும் முளையும் போகாததால் நார்ச்சத்து, மெக்னீசியம், பி வைட்டமின்கள் எல்லாம் கூடுதல். கலோரி மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், சமைக்காத அரிசி 100 கிராமுக்கு 350 பக்கம், அதனால் சிவப்பரிசிதானே என்று கூடுதலாகப் போட்டுக்கொண்டால் எடை குறையாது. விலை அதிகம்.

புழுங்கலையும் லேசாக நினைக்கக் கூடாது. நெல்லாகவே ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 ஓரளவு அரிசிக்குள் இறங்கிவிடும், அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போகாது. 1890களில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி மட்டுமே தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும் தீட்டாத அரிசி கொடுத்தால் தேறுவதையும் பார்த்தார். பி1 குறைவால் மனிதருக்கு வரும் பெரிபெரி என்ற நோயும் அதே வகைதான். தினமும் பச்சரிசிச் சோறு சாப்பிடுகிறவர்கள் புழுங்கலுக்கு வந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆனால் மாறிய பலர் திரும்ப வெள்ளை அரிசிக்கே போவதற்குக் காரணம் ருசி இல்லை, சேமிப்பு. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, சூடும் காற்றும் பட்டால் அது காறிப்போகும். வெள்ளைப் புழுங்கலை 25 கிலோ சிப்பமாக வாங்கி மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம், இதை அப்படி வாங்கினால் பாதி மூட்டை தீரும் முன்பே சோற்றில் ஒரு கசப்பு தட்டும், வீட்டில் "இந்த அரிசியே வேண்டாம்" என்று தட்டைத் தள்ளிவிடுவார்கள். வாங்கும்போதே ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மோந்து பாருங்கள். நல்ல அரிசியில் வைக்கோல் மணம் வரும், கெட்டதில் பழைய எண்ணெய் வாடை. கையில் மாவு மாதிரி தூள் ஒட்டினால் வண்டு வேலையைத் தொடங்கிவிட்டது. உமி நீக்கி எவ்வளவு நாள் ஆயிற்று என்று கடையில் கேளுங்கள், பதில் சொல்லத் தெரியாத கடையில் நான் வாங்குவதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள், ஃபிரிட்ஜில் இடம் இருந்தால் அங்கேயே வையுங்கள்.

இரவே ஊறப்போட வேண்டும், மறந்தால் அன்றைக்கு வெள்ளைச் சோறுதான். ஒன்றுக்கு மூன்று தண்ணீர், குக்கரில் விசிலும் கூடுதலாக வேண்டும்.

இவ்வளவு மெனக்கெட்டு ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், மென்று சாப்பிட வேண்டியிருக்கிறது. அவசரமாக அள்ளிப் போட்டால் இறங்காது. ஒரு கரண்டி சோறு தானாகவே குறைகிறது, அந்த இடத்துக்குக் கீரையும் பருப்பும் வருகின்றன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியும் நாளின் கலோரியில் தானியம் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. எந்த அரிசி என்பதைவிட எவ்வளவு அரிசி என்பதுதான் பெரிய விஷயம், அந்த அளவைக் குறைக்க எங்களுக்கு உதவியது இந்த அரிசி.

எங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி யாரும் இல்லை, அதனால் அதைப் பற்றி அனுபவத்தில் பேச முடியாது; சாப்பிட்ட பின் சர்க்கரை அளவு பார்த்து அவரவர்தான் முடிவெடுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம், தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் பாதிக்குப் பாதி கலந்து, கொஞ்சம் குழையவே வடித்துக் கொடுங்கள்.