எரிந்துபோன பதிவேட்டுக்கு "நகல்" தந்து 640 டொலரைப் பறித்த வம்சாவளிச் சேவை

மொன்றியலில் நம்மவர் பலரின் பிள்ளைகள் கியூபெக் குடும்பங்களில் மணம் முடித்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்காக அந்த வழி முன்னோரையும் தேட நினைப்பவர்கள், யாருக்கும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இணையத்தில் வம்சாவளி தேடித்தரும் ஒரு சேவை என்னிடம் 640 டொலர் வாங்கிக்கொண்டு போலி ஆவணத்தைத் தந்திருக்கிறது.

பதினான்காம் லூயி மன்னர் 1663 முதல் 1673 வரை நியூ பிரான்சுக்கு (இன்றைய கியூபெக் உள்ளிட்ட அன்றைய பிரெஞ்சுக் குடியேற்றம்) தம் செலவில் ஏறத்தாழ 770 பெண்களைக் குடியேற அனுப்பினார். 'மன்னரின் மகள்கள்' எனப்படும் அவர்களுள் ஒருவர் என் மருமகளின் மூதாட்டி. இங்குள்ள திருமணப் பதிவில் அவருடைய பெற்றோரின் பெயர்களும், பாரிஸின் சென் சுல்பிஸ் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர் என்ற குறிப்பும் இருக்கின்றன. அதற்கு முந்தைய தலைமுறையைத்தான் அந்தச் சேவையிடம் கேட்டேன்.

தொலைபேசியில் பேசிய பெண், மூதாட்டியின் திருமண ஒப்பந்தத்தை வரிவரியாக வாசித்தார்: மன்னர் கொடுத்த 50 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) சீதனம், எழுதிய நொத்தாரிசின் பெயர், மணமகளுக்குக் கையெழுத்திடத் தெரியாது என்ற கடைசி வரி. இறந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலான ஒரு பெண்ணைப் பற்றி இவ்வளவு பரிவோடு பேசுபவர் பொய் சொல்வார் என்று யார்தான் நினைப்பார்கள்? அந்த இடத்தில்தான் நம்பி 640 டொலரையும் முன்கூட்டியே செலுத்தினேன். அவர் வாசித்த ஒப்பந்தம் கியூபெக் ஆவணக் காப்பகத் தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது என்பது பிறகுதான் தெரிந்தது.

முத்திரையிட்ட ஞானஸ்நானப் பதிவின் "நகல்" ஒன்றும், இடைக்கால ஐரோப்பாவின் சார்லமேன் பேரரசர்வரை செல்லும் குடும்ப மரவரைபும் வந்தன. பேரனின் ஞானஸ்நான விருந்தில் அவற்றைச் சட்டமிட்டுச் சம்பந்தி வீட்டாரிடம் கொடுத்தேன். சம்பந்தியம்மாவின் தமக்கை நெடுங்காலமாக வம்சாவளி ஆய்வில் ஈடுபட்டவர். பார்த்ததும் அவர் முகம் மாறியது. பாரிஸ் நகரின் 1860க்கு முந்தைய பங்குப் பதிவேடுகள் 1871 மே மாதம், கொம்யூன் எனப்படும் பாரிஸ் மக்கள் கிளர்ச்சியின்போது, வெவ்வேறு கட்டடங்களில் இருந்த இரண்டு பிரதிகளுமாக எரிந்துபோயின என்றும், எரிந்த பதிவேட்டிலிருந்து இன்று புதிதாக நகல் எடுக்க வழியே இல்லை என்றும் விளக்கினார். மரவரைபின் மேற்பாதியோ கத்தரின் பாயோன் என்பவருடையது. 1669இல் கியூபெக்கில் மணம் புரிந்த அவருக்கு அரச வம்சத் தொடர்பு இருப்பதை ஆய்வாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். அந்த வரிசையை அப்படியே எடுத்து, எங்கள் மூதாட்டியின் தலையில் அந்தச் சேவைக்காரர்கள் ஒட்டியிருக்கிறார்கள். ஏழைப் பெண்ணாக வந்து ஒரு குடும்பத்தையே தழைக்கவைத்தவரின் உண்மையான தாய் தந்தையரை அழித்துவிட்டு அரசர்களை நட்டிருப்பதுதான், பணத்தை இழந்ததைவிட எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

அந்தச் சேவையிடம் கேட்டபோது, ஆய்வாளர் விடுமுறையில் இருக்கிறார் என்றார்கள். பிறகு, மின்னாவணத்துக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்றார்கள். பாரிஸ் பதிவேடுகள் எரிந்ததைக் குறிப்பிட்டு எழுதியதும் என் கணக்கையே முடக்கிவிட்டார்கள். 640 டொலரில் ஒரு சதமும் திரும்பவில்லை.

அவசரமாகச் சில வார்த்தைகள். மூல ஆவணம் எந்தக் காப்பகத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் ஞானஸ்நானப் பதிவை எடுத்துத் தருவதாகச் சொன்னால் உடனே விலகுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். கடனட்டை நிறுவனத்திடம் முறைப்பாடு செய்திருக்கிறேன். இதே சென் சுல்பிஸ் முத்திரையுடன் உங்களுக்கும் ஆவணம் வந்திருந்தால் அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள், முறைப்பாட்டுடன் சேர்த்துக்கொள்கிறேன்.