மாடி அறைக்கு லேன் கேபிளா, மெஷ் வைஃபையா?

மடிப்பாக்கத்தில் எங்கள் வீடு தரைத்தளமும் ஒரு மாடியும். ஃபைபர் இணைப்பு கீழே ஹாலுக்கு வருகிறது. நான் வேலை பார்ப்பது மாடியில், வீட்டின் மறுகோடி அறையில். ஆறு மாதம் மெஷ் வைஃபையோடு (அறைக்கு அறை பெட்டி வைத்து வைஃபையைப் பரப்புவது) மல்லுக்கட்டிவிட்டு, போன வருடம் சுவரை உடைத்துக் கேபிள் இழுத்தேன். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

வேகத்தை முதலில் முடித்துவிடலாம். பெட்டிமேல் போட்டிருக்கும் எண்ணில் வைஃபைதான் ஜெயிக்கும். வைஃபை 6 ரூட்டரில் 1,800, 3,000 என்று இருக்கும். வீட்டு லேனில் சாதாரணமாக ஓடுவது 1,000 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட்). ஆனால் அந்தப் பெரிய எண், எல்லா பேண்டையும் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள்) கூட்டிப் போட்ட கணக்கு. தவிர, ஒரே சேனலில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் பெரும்பாலும் காத்திருக்கத்தான் வேண்டும், பக்கத்து வீட்டு ரூட்டர் உட்பட. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. எங்கள் தெருவில் மாலையில் ஃபோனைத் திறந்தால் இருபது பெயர்களுக்கு மேல் வரும். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும்.

நான் வாங்கியது இரண்டு பேண்ட் மெஷ். மாடிப் பெட்டி கீழ்ப் பெட்டியோடு பேசுவதும் என் லேப்டாப்போடு பேசுவதும் ஒரே ரேடியோவில். பாதி வேகம் அங்கேயே போய்விடும். 300 எம்பிபிஎஸ் பிளானில் மதியம் 90 வரும், இரவு எட்டு மணிக்கு 40. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீடியோ காலில் திடீரென்று இரண்டு விநாடி உறைந்து போவதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆனால் என்னைக் கேபிள் பக்கம் தள்ளியது பராமரிப்பு. 1999இல் கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) ஈதர்நெட்டை, அதாவது லேனில் தகவல் போகும் முறையை, ஜோடி ஜோடியாக முறுக்கிய செம்புக் கம்பிக்குக் கொண்டுவந்தபோது, ஏற்கெனவே ஆபீஸ் சுவர்களில் கிடந்த கேட் 5 (கேட் என்பது லேன் கேபிளின் தர வகை) கேபிளிலேயே ஓடும்படிதான் 1000பேஸ்-டி தரத்தை வகுத்தார்கள். 2016இல் வந்த 2.5 கிகாபிட்டும் கேட் 5இ கேபிளில் 100 மீட்டர் போகும். வேகம் கூட்ட வேண்டுமா, இரண்டு முனையிலும் உள்ள பெட்டியை மாற்றினால் போதும், சுவரைத் தொட வேண்டாம். வைஃபையில் 2009 முதல் 4, 5, 6, 7 என்று வந்துவிட்டது. பழைய ஃபோன் புது ரூட்டரோடும் பேசும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் புதிய தரத்தின் பலன் வேண்டுமென்றால் ஃபோனும் புதுசாக இருக்க வேண்டும், அறைக்கு அறை வைத்த மெஷ் பெட்டிகளும் மாற வேண்டும்.

சரி, கேபிளைப் போட்டுவிட்டு மறந்துவிடலாமா? ஒழுங்காகப் போட்டால்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் பாதி விலைக்குக் கேட் 6 கிடைத்தது. வீட்டுக்கு வந்து பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம்: அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது. கேட் தரங்கள் கேட்பது முழுச் செம்பு. அலுமினியம் வளைத்தால் முறியும், கேமராவுக்கு இதே கேபிளில் மின்சாரம் அனுப்பினால் சூடாகும். திருப்பிக் கொடுத்து முழுச் செம்பு வாங்கினேன்.

அப்புறம் கிரிம்பிங், அதாவது கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்துவது. முதல் நாள் மாடியில் 94 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவே இல்லை. எட்டுக் கம்பியில் ஒன்று பின்னில் சரியாகப் படியவில்லை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும்; 100க்குத் தேவைப்படாத ஜோடியில் ஒன்று விட்டால் பெரும்பாலும் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இப்படி ஓடுவது தெரியாமலே எத்தனை வீடுகளில் சர்வீஸ் புரொவைடரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்களோ! மறுபடி கிரிம்ப் செய்ததும் 290.

எலக்ட்ரீஷியன் அண்ணன் கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே நுழைத்துவிடலாம் என்றார். ஒத்துக்கொள்ளாதீர்கள், அது ஆபத்து. தனியாக 25 மி.மீ. பைப் பதித்து, இரண்டு கேபிளும் ஒரு இழுப்புக் கயிறும் விடச் சொன்னேன். நாளை ஒன்று பழுதானாலும் சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

வைஃபை 7 பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை. அண்ணா நகரில் நண்பர் ஃபிளாட்டில் ஒரு மாலை பயன்படுத்தியதோடு சரி; ஒரே ஹாலுக்குள் அருமையாக ஓடியது. என் கேபிளுக்கும் ஒரு வயதுதான். கடற்கரையோரம் இருப்பவர்கள் கனெக்டர் பச்சை பிடிப்பதாகச் சொல்கிறார்கள், நான் இன்னும் பார்க்கவில்லை. வாடகை வீடென்றால் இந்தக் கட்டுரையை மறந்துவிட்டு மெஷ் வாங்குங்கள், மூன்று பேண்ட் உள்ளதாக.

ஃபோன்களுக்கு எங்கள் வீட்டிலும் வைஃபைதான். மாடிப் பெட்டியை இப்போது கேபிளில் மாட்டியிருப்பதால் அதுவும் உருப்படியாக வேலை செய்கிறது. ஹால் சுவரில் பூசிய இடத்தில் மட்டும் பெயிண்ட் நிறம் சேரவில்லை. அம்மா அதன்மேல் காலண்டரை மாட்டிவிட்டார்.