பின்சக்கரம் மட்டுமா, ஸ்விங்ஆர்மோடு சேர்த்தா?

என் பைக்கோடு வந்த பின்டயர் 130/70-17, அதாவது அகலம் 130 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 17 அங்குலம். அதை 150/60-17 ஆக்க ஆசைப்பட்டு இரண்டு வழிகளையும் செய்து பார்த்துவிட்டேன். முதலில் பழைய ஸ்விங்ஆர்மிலேயே (பின்சக்கரத்தைத் தாங்கி ஃப்ரேமோடு இணைக்கும் கை) அகலமான சக்கரத்தை மட்டும் மாட்டினேன். அது சரிவராததால், அப்புறம் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய ஸ்விங்ஆர்ம், சக்கரம், ஆக்சில், பிரேக் எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாட்டினேன். இப்போது அதில்தான் ஓட்டுகிறேன். நான் செட் பக்கம்தான்.

பொதுவானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். எந்த வழியில் போனாலும் பின்பக்க எடை கூடும், வளைவில் சாய்க்கக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். ஸ்பீடோமீட்டர் கணக்கு பெரிதாக மாறாது. 130/70 டயரின் பக்கச்சுவர் 91 மி.மீ., 150/60 டயருக்கு 90 மி.மீ., உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பழைய 3.5 அங்குல ரிம்மிலேயே 150-ஐ ஏற்றினால் டயர் நடுவில் குவிந்துவிடும், 4.25 அங்குல ரிம் வேண்டும். பதிவு, காப்பீடு விஷயத்தை வேலை தொடங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வழிகளையும் பிரித்துக் காட்டுவது செயின்தான். டயர் 20 மி.மீ. அகலமானால் ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. வெளியே வரும். என் வண்டியில் சக்கர நடுக்கோட்டிலிருந்து செயினின் நடுக்கோடு 84 மி.மீ. 150 டயரை மாட்டிக் கையால் சுற்றியபோதே செயின் ரப்பரில் உரசியது. பின் ஸ்ப்ராக்கெட்டுக்கு (செயின் ஓடும் பற்சக்கரம்) பின்னால் லேத்தில் கடைந்த 5 மி.மீ. ஸ்பேசர் வளையம் வைத்து அதை வெளியே தள்ளினோம். உரசல் நின்றது, நானும் நிம்மதியாகிவிட்டேன்.

ஆனால் முன் ஸ்ப்ராக்கெட் பழைய இடத்திலேயே இருந்தது. இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையில் சுமார் 600 மி.மீ. தூரம். அதில் 5 மி.மீ. விலகல் என்றால் அரை டிகிரி சாய்வு. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். 4,000 கி.மீ. கழித்துச் செயின் கவரைக் கழற்றிப் பார்த்தேன். முன் ஸ்ப்ராக்கெட்டின் ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போலத் தேய்ந்து மின்னியது, மறுபக்கத்தில் பழைய கிரீஸ் அப்படியே கறுப்பாக ஒட்டியிருந்தது. செயினின் உள்தகடுகளும் அதே பக்கம் கூர்மையாகத் தேய்ந்திருந்தன. நேராக ஓடிய காலத்தில் இதே ரகச் செயின் எனக்கு 20,000 கி.மீ. தாண்டி உழைத்தது. முன்பக்கமும் 5 மி.மீ. வெளியே தள்ளலாமே என்று பார்த்தால், பழைய ஸ்விங்ஆர்மின் பிவட்டில் (அது ஃப்ரேமோடு சேர்ந்து அசையும் மூட்டு) இருக்கும் செயின் ஸ்லைடரைவிட்டு (செயின் இரும்பில் உரசாமல் காக்கும் பட்டை)ச் செயின் விலகி, நேராக இரும்பில் உரசும் நிலை. அதோடு அந்த வழியை விட்டுவிட்டேன்.

செட்டாக மாட்டினால் இந்தத் தொல்லை தானாகப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். கழற்றி வாங்கிய செட்டில் சக்கர நடுக்கோட்டிலிருந்து செயின் வரையிலான அளவு 89 மி.மீ., என் பழைய 84-ஐவிட 5 மி.மீ. கூடுதல். அந்த 5 மி.மீ. இங்கேயும் வந்து நிற்கிறது. ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: முன்பக்கம். 5 மி.மீ. வெளியே தள்ளிய முன் ஸ்ப்ராக்கெட் போட்டதும் செயின் நேராகிவிட்டது, ஸ்லைடரும் அதற்குச் சரியான இடத்தில் இருந்தது. டயருக்கும் செயினுக்கும் இடைவெளி, பிரேக் காலிப்பர் நிற்கும் இடம், சக்கரத்தின் இருபக்க ஸ்பேசர் எல்லாமே தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று பொருத்தியவை. அங்கே நாம் கைவைக்கத் தேவையில்லை.

பிவட்டில் என் ஃப்ரேமின் இடைவெளியைவிட ஸ்விங்ஆர்ம் 8 மி.மீ. குறுகல். வாஷரை ஒரு பக்கம் கூட்டி, மறுபக்கம் குறைத்து, செயினை நேராக்கிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள், சக்கரமே நடுவிலிருந்து விலகிவிடும். இரு பக்கமும் 4 மி.மீ. வைத்தேன். பிறகு பின்டயரை அணைத்து இருபுறமும் நூல் இழுத்துப் பார்த்தேன். முன்டயர் 110, பின்டயர் 150 என்பதால் முன்டயரின் ஒவ்வொரு பக்கமும் நூல் 20 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். நின்றது.

செட்டுக்கும் குறை உண்டு. புது ஸ்விங்ஆர்ம் 20 மி.மீ. நீளம். அதனால் ஷாக் அப்சார்பரின் மீது நெம்புகோல் விசை கூடி, பின்பக்கம் முன்பைவிடத் தணிந்து உட்கார்ந்தது, பிரீலோடை (ஸ்பிரிங்கின் முன்இறுக்கம்) கூட்ட வேண்டியிருந்தது. செயினில் 2 லிங்க் சேர்த்தோம். ஷாக் மவுண்ட் பொருந்தாத அலுமினிய ஸ்விங்ஆர்மில் வெல்டிங் வைத்துச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெல்டிங் சூட்டில் அலுமினியம் தன் பலத்தை இழந்துவிடும். மவுண்ட் பொருந்துகிற வேறு செட்டைத் தேடுவதுதான் வழி.

சக்கரத்தை ஒரே பக்கத்தில் தாங்கும் ஒற்றைக்கை ஸ்விங்ஆர்மைப் பற்றி நண்பருடைய வண்டியில் கைவைத்த அளவுக்குத்தான் சொல்ல முடியும். ஹோண்டாவின் விஎஃப்ஆர்750ஆர் (1987), டுகாட்டியின் 916 (1994) ஆகிய பைக்குகளில் இருப்பது போன்ற அமைப்பு. ஹப்பைச் சுழற்றித்தான் செயினை இறுக்குவதால் சக்கரம் கோணாது, ஒரே நட்டைக் கழற்றினால் சக்கரம் கையில் வரும். அது உண்மையான வசதி. ஆனால் பிவட்டில் உட்காரும்போதே நேராக அமைய வேண்டும், பிறகு அட்ஜஸ்டரில் திருத்த வழியில்லை. தினமும் ஓட்டுகிற வண்டியில் நான் அதில் இறங்கமாட்டேன்.

செட் மாட்டி 11,000 கி.மீ. ஓடியிருக்கிறேன், செயினை இருமுறைதான் இறுக்கினேன். வெளியே தள்ளிய ஸ்ப்ராக்கெட்டால் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்குக்குச் சுமை கூடும். இதுவரை சத்தமோ ஆயில் கசிவோ இல்லை, ஆனால் 11,000 கி.மீ. அதற்குத் தீர்ப்புச் சொல்லப் போதாது. ஒவ்வொரு முறை செயினுக்கு எண்ணெய் போடும்போதும் அந்தத் தண்டின் ஆயில் சீலை ஒரு துணியால் துடைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.