வங்கியின் ஐ.ரி. பிரிவா, மென்பொருள் கம்பனியா? திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்தவருக்கும், எச்.என்.டி.ஐ.ரி. (தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமா) முடித்தவருக்கும், என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) 5, 6 வரை வந்தவருக்கும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான். பெரிய வங்கியின் தலைமையகத்தில் தொழில்நுட்பப் பயிலுநராகப் போவதா, மென்பொருள் கம்பனியில் இன்டர்னாகச் சேர்வதா? எதை எடுத்தாலும் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போக வேண்டும். வீட்டில் கேட்டால் "பேங்க் வேலை, விட்டிடாதே" என்பார்கள். கூடப் படித்தவர்கள் கம்பனிப் பக்கம் இழுப்பார்கள். நிறுவனத்தின் பெயரைவிட, உள்ளே எந்த டீமில் உட்கார வைக்கிறார்கள் என்பதே ஒருவரை உருவாக்கும் என்பது எங்கள் கணிப்பு.

முதல் மாதத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். கம்பனியில் லப்டொப்பும், கோட் சேமித்து வைக்கும் கிட் (Git) அனுமதியும் சீக்கிரம் கைக்கு வரும். ஒரு சின்ன பிழையைத் திருத்தச் சொல்வார்கள். எழுதியதை சீனியர் ஒருவர் வரிவரியாகப் பார்த்துத் திருப்பி அனுப்புவார். வங்கியில் முதல் சில வாரங்கள் அனுமதிக்குக் காத்திருப்பதிலேயே போகும். கணினிக்குள் நுழைய ஒரு படிவம், வி.பி.என்.னுக்கு (வங்கி வலையமைப்புக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) இன்னொன்று, டேட்டாபேஸை வாசிக்க மட்டும் வேறொன்று, ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்புதல். பென் டிரைவ் வேலை செய்யாது, விரும்பிய மென்பொருளைப் போட முடியாது. இதிலேயே மனம் விட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த நாட்களில் டீமின் ரன்புக்கை (எந்த வேலையை எப்படிச் செய்வது என்ற கைநூல்) கேட்டு வாங்கி வாசியுங்கள். ஒரு பணப் பரிவர்த்தனை எந்தெந்த சேர்வர் வழியாகப் போய் வருகிறது என்று தாளில் வரைந்து, சீனியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் படம் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். உட்துறைமுக வீதியில் ஒருவர் வேறு வங்கியின் அட்டையைப் போட்டு ஏ.ரி.எம்.மில் 10,000 ரூபாய் கேட்கிறார். கோரிக்கை 0200 என்ற வகை இலக்கம் கொண்ட செய்தியாக, இயந்திரத்துக்குரிய வங்கியின் சுவிட்சுக்கும் (செய்தியை உரிய இடத்துக்குத் திருப்பிவிடும் கணினி), அங்கிருந்து 2013இல் தொடங்கிய லங்காபே பொது ஏ.ரி.எம். சுவிட்சுக்கும், கடைசியில் அட்டை கொடுத்த வங்கிக்கும் போகிறது. பதில் 0210 ஆகத் திரும்பும். அதற்குள் ஒரு குறியீடு இருக்கும்: 00 என்றால் சரி, 51 என்றால் மீதி போதாது, 55 என்றால் பின் இலக்கம் பிழை, 91 என்றால் அட்டை கொடுத்த வங்கியையோ சுவிட்சையோ எட்ட முடியவில்லை. கணக்கில் பணம் கழிந்த பிறகு 0210 வழியில் தொலைந்தால்? நேரம் கடந்ததும் இயந்திரம் காசு தராது. கழித்ததைத் திருப்பிப் போடச் சொல்லி 0420 போக வேண்டும். அதுவும் வரிசையில் சிக்கினால், வாடிக்கையாளர் கையில் காசும் இல்லை, கணக்கிலும் இல்லை.

மறுநாள் இயந்திரத்தின் பதிவு, சுவிட்சின் பதிவு, கணக்கேட்டுப் பதிவு மூன்றையும் ஒப்பிட்டு இதைக் கண்டுபிடிப்பது சமப்படுத்தும் டீம். பயிலுநருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வங்கிக்குள் இல்லை. இங்கே புதியவர்கள் வழமையாக விடும் பிழை, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கொடுக்கப்படும் ஆறு இலக்கத் தொடர் எண்ணை மட்டும் வைத்து எஸ்.கியூ.எல்.லில் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) பதிவுகளைப் பொருத்துவது. அந்த எண் 999999 வந்ததும் மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓடும், வேறு இயந்திரத்திலும் அதே எண் வரும். இயந்திர அடையாளம், திகதி, மீட்டெடுப்பு எண் (பரிவர்த்தனையைத் தேடியெடுக்க உதவும் எண்) மூன்றையும் சேர்த்துப் பொருத்தாவிட்டால் ஒருவருடைய காசு இன்னொருவர் கணக்கில் போய் விழும்.

மென்பொருள் கம்பனியில் இதே சிக்கலை மறுபக்கத்திலிருந்து பார்ப்பீர்கள். பாவனையாளர் 'செலுத்து' பொத்தானை இரண்டு தரம் அழுத்தினாலும் காசு ஒரு தரமே போக வேண்டும். அதற்கு ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாளம் கொடுத்து, அதே அடையாளம் மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பி அனுப்பும்படி கோட் எழுதுவீர்கள். எழுதும் கை அங்கே பழகும், உடைந்ததைத் தேடும் கண் வங்கியில் பழகும்.

வேகம் என்று பார்த்தால் கம்பனிக்குக் கிட்டவும் வங்கி வராது. காலையில் எழுதியது மாலையில் பாவனைக்குப் போகும் கம்பனிகள் உண்டு. வங்கியில் ஒரு வரி மாற்றத்துக்கும் மாற்றக் கோரிக்கை, சோதனைச் சான்று, மாற்றம் பிழையானால் பழைய நிலைக்குப் பின்வாங்கும் திட்டம், ஒப்புதல், பிறகு நாள் முடிவுக் கணக்கு ஓடி முடிந்த பின் ஓர் இரவு. இதைச் சும்மா காகித வேலை என்று நினைக்கக் கூடாது. பின்வாங்கும் திட்டத்தில் "பழைய பதிப்பைப் போடுவோம்" என்று ஒரு வரியில் எழுதினால் நல்ல சீனியர் திருப்பி அனுப்புவார். டேட்டாபேஸ் அட்டவணையில் ஒரு நிரலை (column) மாற்றியிருந்தால் பழைய கோட் அதன் மேல் ஓடாது, இடையில் விழுந்த பதிவுகளையும் என்ன செய்வதென்று சொல்ல வேண்டும். எந்த ஸ்கிரிப்ட், எத்தனை நிமிடம், எத்தனை மணிக்குள் யார் முடிவெடுப்பது என்று எழுதப் பழகியவரை எந்த நிறுவனமும் மதிக்கும். வங்கிகளுக்கு ஆண்டு முடிவு டிசம்பர் 31. அந்த நாட்களில் லீவு கிடைப்பது கடினம். நீண்ட விடுமுறைகளில்தான் பெரிய மாற்றங்களைச் செய்வார்கள் என்பதால் சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்கு வருவதும் உறுதியில்லை.

இரண்டிலும் பொறி உண்டு. வங்கியில் உதவி மேசையில் மாட்டினால் கடவுச்சொல் மாற்றுவதும் பிரிண்டர் முறைப்பாடும் கிளையின் இணைய இணைப்பு விழுந்ததும் என்றே வருடம் ஓடிவிடும். மூன்று மாதம் என்றால் நல்லது, கிளைகளில் என்ன நடக்கிறதென்று விளங்கும். அதற்கு மேல் வேண்டாம். கம்பனியில் கையால் சோதிக்கும் வேலையிலேயே ஆறு மாதம் முடியலாம், வாடிக்கையாளர் ஒப்பந்தம் போனால் முதலில் வெளியே போவதும் இன்டர்ன்தான். வங்கியில் இன்னொரு எச்சரிக்கை: கணக்கு விபரம் தெரியும் திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் யாரிடமும் சந்தேகம் கேட்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் உங்கள் மேல் பாயும் முன்பே வேலை போய்விடும்.

ஊருக்குத் திரும்ப நினைப்பவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். "பேங்க் என்றால் திருகோணமலைக் கிளைக்கு மாற்றம் எடுக்கலாம்" என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. வங்கிகளின் ஐ.ரி. வேலை தலைமையகத்தில் குவிந்திருக்கிறது, கிளைக்கு வந்தால் கவுன்டர் வேலைக்கும் கடன் பிரிவுக்கும்தான் வரலாம். உப்புவெளியிலோ கிண்ணியாவிலோ வீட்டில் இருந்து செய்யும் வாய்ப்பு கோட் எழுதுபவருக்கே அதிகம். அதனால் கிட்ஹப்பில் (எழுதிய கோட்டை மற்றவர்கள் பார்க்க வைக்கும் இணையத்தளம்) காட்ட இரண்டு மூன்று வேலைகள் ஏற்கெனவே வைத்திருப்பவர் கம்பனிக்குப் போகலாம். டேட்டாபேஸ், நெட்வேர்க், பாதுகாப்பு ஆகியவற்றில் மனம் உள்ளவருக்கும், பொறுமையாகத் தேடும் குணமுள்ளவருக்கும் வங்கிதான் சரி.

நேர்முகத்தேர்வில் கூச்சப்படாமல் கேளுங்கள்: எந்த டீம், எத்தனை மாதத்துக்கு ஒரு தரம் மாற்றுவீர்கள், கோட் இருக்கும் இடத்துக்கு எனக்கு அனுமதி உண்டா, இரவு வேலை முடிந்தால் வாகனம் தருவீர்களா? பெண்பிள்ளைகள் கடைசிக் கேள்வியை விடவே கூடாது. கொடுப்பனவு மட்டுமா, அல்லது சம்பளத்தில் உங்கள் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும் ஈ.பி.எஃப்.பில் (ஊழியர் சேமலாப நிதி) சேருமா என்றும் கேளுங்கள். வெள்ளவத்தையில் போர்டிங் எடுத்தால் முற்பணமும் கட்ட வேண்டும், கொடுப்பனவை அதோடு வைத்துக் கணக்குப் பாருங்கள். பயிற்சிக்குப் பிறகு இத்தனை வருடம் வேலை செய்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் இருந்தால், அன்றே கையெழுத்து வைக்காமல் ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டு போங்கள். இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரியைப் பிணை நிற்கும் மாமாவுக்கோ அண்ணாவுக்கோ வாசித்துக் காட்டிய பிறகே அவரிடம் பேனாவைக் கொடுங்கள்.