கடல்பனிக்கு அடியில் டிஎம்எஸ் அளக்கும் ஏற்பாடு: பல பருவங்கள் பயன்படுத்திய பிறகு

அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ சவுண்ட் என்ற கடற்பகுதியில் சுமார் 2 மீட்டர் கடல்பனியைத் துளைத்து, அடியிலுள்ள நீரில் டிஎம்எஸ் (டைமெத்தில் சல்ஃபைடு வாயு), அதற்கு மூலமான டிஎம்எஸ்பி என்ற கந்தகச் சேர்மங்களை அளக்கிறோம். ஏற்பாடு எல்லாப் பருவத்திலும் ஒன்றுதான்: ஆழத்து நீரை அள்ளும் நிஸ்கின் பாட்டில், கண்ணாடி இழை வடிதாள், நீரிலுள்ள வாயுவை ஊதி வெளியேற்றிக் குளிர்ந்த பொறியில் பிடிக்கும் பர்ஜ் அண்ட் ட்ராப், வாயுக்களைப் பிரித்து அளக்கும், சுடர் ஒளி உணரி வைத்த கேஸ் குரோமட்டோகிராஃப்.

கருவியைக் குறை சொல்ல முடியாது. நானோமோலார் அளவையும் பிடித்துவிடும். சிக்னல் மட்டும் கந்தகத்தின் வர்க்கத்தோடு ஏறும்; அளவு இரட்டித்தால் சிக்னல் ஏறக்குறைய 4 மடங்கு. வர்க்கமூலம் எடுத்துத்தான் அளவீட்டுக் கோடு வரைய வேண்டும்.

தலைவலி எல்லாம் நீர் கருவிக்குப் போகும் முன்புதான். டிசம்பர் வாக்கில் ஃபியோசிஸ்டிஸ் அன்டார்க்டிகா பாசி பெருகும். அதன் செல்களுக்குள் டிஎம்எஸ்பி ஏராளம். பம்பு வைத்து உறிஞ்சி வடிகட்டினால் செல்கள் உடைந்து, கரைந்த டிஎம்எஸ்பி பொய்யாக ஏறிவிடும். 2006இல் கீனும் ஸ்லெசாக்கும் வெளியிட்ட முறையில், நீரைத் தானாகச் சொட்டவிட்டு முதல் சில மில்லிலிட்டரை மட்டும் எடுப்பார்கள். பொறுமையைச் சோதிக்கும், ஆனால் நான் நம்புவது அதைத்தான். அப்புறம், கெடாமல் வைப்பதற்காக வடிகட்டாத மாதிரியில் நேராக அமிலம் விடாதீர்கள். இந்தப் பாசி இருந்தால் டிஎம்எஸ்பி கணிசமாகத் தொலையும். முதலில் மைக்ரோவேவில் சூடாக்கிவிட்டுச் சேர்ப்பது மேல்.

ஊட்டச்சத்தைச் சிலர் ஒப்புக்கு அளப்பார்கள். எனக்கோ அதுதான் துப்பு. பருவத் தொடக்கத்தில் நைட்ரேட் 30 மைக்ரோமோலார், பாஸ்பேட் 2 என்ற அளவில் இருக்கும். நைட்ரேட் குறைந்தும் சிலிகேட் அசையாமல் நின்றால், வளர்வது டயட்டம் என்ற இன்னொரு வகைப் பாசி அல்ல, ஃபியோசிஸ்டிஸ் என்று ஊகிக்கலாம். டயட்டத்துக்குத்தான் சிலிகா ஓடு தேவை. அன்றைக்கு டிஎம்எஸ்பி கூடுதலாக வரும் என்று அளவீட்டு வரம்பை முன்கூட்டியே உயர்த்திவிடுவேன். சிலிகேட் மாதிரியை மட்டும் உறையவைக்காமல் குளிரில் வைக்கிறேன். உறைந்தால் மூலக்கூறுகள் கோத்துக்கொண்டு அளவு குறைந்து காட்டும்.

சிலிக்கோன் குழாய் டிஎம்எஸ்ஸை உறிஞ்சும், டெஃப்லான் போடுங்கள். பாட்டில் குழாய்முனை வெளிக்காற்றில் சட்டென்று உறையும், ஆகவே ஹீட்டர் உள்ள கூடாரம் கட்டாயம். பொறியைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜனைப் பனிமேல் சுமந்து போவதுதான் இன்னமும் பிடிக்கவில்லை. அதனால் நீரைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி நிலையத்துக்குக் கொண்டுபோய், சில மணி நேரத்துக்குள் அளந்துவிடுகிறேன்.