பத்திரிகை நறுக்கா, மின்படியா?

மூத்த பத்தி எழுத்தாளர் ஒருவர் பத்திரிகையில் எழுதும் குமரி மாவட்டச் சிற்றூர் நினைவுகளைச் சேர்த்து வைப்போர், நறுக்கி நோட்டில் ஒட்டுவதா, ஸ்கேன் செய்து மின்படியாக வைப்பதா என்று தயங்குகிறார்கள்.

செலவு: இரண்டிலும் பெரிதாக இல்லை.

ஆயுள்: தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் நனைக்கும் குமரி மாவட்டத்தில் தாள் எளிதில் ஈரம் இழுக்கும், செய்தித்தாளிலுள்ள லிக்னின் என்னும் மரப்பொருள் வெளிச்சத்தில் பழுப்பேற, மைதாப் பசையை நாடி இராமபாணப் பூச்சியும் வந்துவிடும். மின்படிக்கு இந்தப் பகை இல்லை. ஆனால் ஒரே கைபேசியில் வைத்திருந்தால் அதோடு போய்விடும்.

தேடல்: 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழகத்தோடு இணைந்ததைப் பற்றிய பத்தி வேண்டுமென்றால், தலைப்பும் தேதியும் இட்ட கோப்பு நொடியில் கிடைக்கும். நோட்டில் புரட்டித்தான் ஆகவேண்டும். அப்போது ஓரத்தில் ஒட்டிக்கொண்ட நாகர்கோவில் திரையரங்கு விளம்பரம் கண்ணில் படுவது தனிச் சுகம்.

வீட்டுப் பெரியவர்கள் மடியில் வைத்து வாசிக்க நறுக்கே ஏற்றது. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அனுப்பவும் ஆய்வுக்கும் மின்படியே உதவும்.